கம்பி வைத்த கண்ணாடி

கம்பி வலை வைத்த கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட உறுதியானது என்று நம்பாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. வீடு கட்டுபவர் நம்புகிறார், மேஸ்திரி நம்புகிறார், பள்ளிக்கூடத் தாளாளர் நம்புகிறார். கண்ணாடிக் கடையிலேயே வளர்ந்த பிள்ளைகள்கூட நம்புகிறார்கள். கண்ணெதிரே இரும்புக் கம்பி தெரியும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் உண்மை நேர்மாறானது. ஒரே கனத்தில் சாதாக் கண்ணாடி ஒன்றையும் கம்பிக் கண்ணாடி ஒன்றையும் நிறுத்தி மோதிப் பார்த்தால் முதலில் உடைவது கம்பிக் கண்ணாடிதான். அதன் பலம் சாதாக் கண்ணாடியின் பலத்தில் ஏறக்குறையப் பாதி. உருகிய கண்ணாடிக்குள் கம்பியை வைத்து உருட்டும்போது கம்பியை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்துவிடுகின்றன. கண்ணாடி எப்போதும் ஒரு கீறலிலிருந்துதான் உடையத் தொடங்கும்.

அப்படியானால் கம்பியை எதற்கு வைத்தார்கள்? கோயம்புத்தூரில் அப்பா காலத்திலிருந்து கண்ணாடி மாட்டும் வேலையில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில் இதன் வரலாற்றைச் சொல்கிறேன். கட்டடத்தில் எங்கே எந்தக் கண்ணாடி போட வேண்டும் என்று உலகம் விதி எழுதிய கதையில், கடைசிவரை சிக்கலாக இருந்தது இந்தக் கம்பிதான்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஃபிராங்க் ஷூமன் என்றொரு கண்டுபிடிப்பாளர் இருந்தார். கண்ணாடிக்குள் கம்பி வலையைப் பதிக்கும் முறைக்கு 1892இல் காப்புரிமை வாங்கினார். அன்றைய தொழிற்சாலைகளிலும் ரயில் நிலையங்களிலும் வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி வேய்ந்திருந்தார்கள். அது உடைந்தால் கீழே நிற்பவர்கள்மேல் நீள நீளச் சில்லுகளாக விழும். அதைத் தாங்கக் கூரைக்கு அடியில் தனியாக வலை கட்டுவார்கள். வலையில் தூசி படிந்து வெளிச்சம் போய்விடும். ஷூமன் அந்த வலையைக் கண்ணாடிக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார். (இதில் சம்பாதித்ததை வைத்து அவர் பிறகு செய்த வேலை இன்னும் பெரியது. 1913இல் கெய்ரோவுக்கு அருகே மாதி என்ற ஊரில் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, நைல் நதித் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்கு இறைத்துக் காட்டினார். அந்த மனிதருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.)

கூரைக்காக வந்த கம்பிக் கண்ணாடியில் இன்னொரு குணம் தெரியவந்தது. தீப்பிடித்தால் சாதாக் கண்ணாடி சில நிமிடங்களில் வெடித்துக் கொட்டிவிடும். அந்த ஓட்டை வழியாகத் தீ அடுத்த அறைக்குப் போகும். கம்பிக் கண்ணாடியும் வெடிக்கும், ஆனால் கொட்டாது. வெடித்த துண்டுகளைக் கம்பி பிடித்துக்கொண்டு நிற்கும். கால் அங்குலக் கனமுள்ள கம்பிக் கண்ணாடி தீயை 45 நிமிடம் தடுத்து நிறுத்தும் என்று அமெரிக்காவில் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். வேறு எந்தக் கண்ணாடிக்கும் அன்று அந்தத் திறமை இல்லை. தீக்காப்பீடு கொடுக்கிற நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்? மாடிப்படிக் கதவு, நடைவழிக் கதவு, மருத்துவமனைக் கதவு, பள்ளிக்கூடக் கதவு என்று தீ தடுக்க வேண்டிய இடமெல்லாம் கம்பிக் கண்ணாடி ஏறியது. உலகம் முழுக்க இதே கதைதான்.

எங்கள் ஊரில் அது மில்லுக்குள் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரைச் சுற்றி நூற்பாலைகள் அடுக்கடுக்காக எழுந்தன. ரம்பப் பல் வரிசையாகக் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த கண்ணாடி. நேர் வெயில் உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் விழ வேண்டும் என்பதற்காக வடக்கு. பஞ்சு பறக்கிற இடம், ஒரு பொறி போதும் எல்லாம் எரிய. அந்தக் கூரைகளில் கம்பிக் கண்ணாடியை அப்பா எத்தனையோ மாட்டியிருக்கிறார், மாற்றியிருக்கிறார். இரும்புச் சட்டத்தில் புட்டி என்கிற பசையை வைத்து அழுத்தி, மேலே ஏணியில் குப்புறப் படுத்தபடி செய்கிற வேலை. கூரைக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு அன்றைக்குக் கிடையாது என்று அவர் சொல்வார். அது நியாயமான பேச்சு. ஒரு பலகம் விரிசல் விட்டால் விரிசலோடு மேலேயே நிற்கும். கீழே ராட்டையில் நிற்கிற பெண்களின் தலையில் விழாது.

கூரையிலிருந்து அதே சரக்கை இறக்கிக் கதவில் மாட்டியதுதான் தப்பாகப் போயிற்று. கூரைக் கண்ணாடிமேல் யாரும் ஓடிவந்து மோதுவதில்லை. கதவுமேல் மோதுவார்கள், அதுவும் பிள்ளைகள்.

எண்பதுகளில் ஒரு பள்ளியிலிருந்து ஆள் வந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். மாடிப்படியை ஒட்டிய ஆட்டக் கதவு, மேல்பாதியில் கம்பிக் கண்ணாடி. மணி அடித்ததும் இறங்கி ஓடிவந்த பையன் ஒருவன் கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியிருக்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு பையன் தள்ளிக்கொண்டிருந்தான். கை உள்ளே போய்விட்டது. நாங்கள் போகும்போது பையனை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள், தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கதவு மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஓட்டையை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கம்பிகள் அறுந்து, சில முனைகள் அந்தப் பக்கமாகவும் சில முனைகள் இந்தப் பக்கமாகவும் வளைந்திருந்தன. கை போனபோது ஒரு தடவை, பயந்துபோய் இழுத்தபோது இன்னொரு தடவை. இழுத்தபோதுதான் அதிகம் கிழித்திருக்க வேண்டும், ஏனென்றால் உடைந்த சில்லுகள் எதுவும் விழவில்லை. எல்லாம் கம்பியில் தொற்றிக்கொண்டு, கூர்முனைகள் ஓட்டையின் நடுவை நோக்கியே நின்றன. ஒரு கம்பி முனையில் வெள்ளைச் சட்டைக் கையின் நூல் மாட்டியிருந்தது.

“கம்பி போட்ட கண்ணாடிதானுங்களே, எப்படி உடைஞ்சுதுங்க?” என்று கேட்டார் உடனிருந்த ஆசிரியர்.

“கம்பி தீக்கு வெச்சதுங்க சார். கைக்கு இல்லீங்க” என்றார் அப்பா.

அந்தப் பலகத்தைக் கழற்றிவிட்டு பிளைவுட் அடித்துக் கொடுத்தோம். பையனுக்கு இரண்டு விரல் சரியாக மடங்காமல் போயிற்று என்று பிறகு தெரிந்தது.

உடைந்தாலும் ஆளை அறுக்காத கண்ணாடி அன்றைக்கு உலகத்தில் இல்லையா என்றால், இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. முதலாவது, நாங்கள் டஃபன்டு என்று சொல்கிற கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று இரண்டு பக்கமும் குளிர்காற்றை அடித்தால் மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு மெதுவாகச் சுருங்கி மேல்பரப்பை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபிடி இருக்கும்வரை மேலே சின்னக் கீறல் விழுந்தாலும் பிளக்காது. சாதாக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உடைந்தால் கற்கண்டாகக் கொட்டும். இதன் மூலவித்து 17ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் கிடைக்கிற துளியைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது, வாலை ஒடித்தால் தூளாகிவிடும். இளவரசர் ரூபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டுவர, ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் வியந்து ஆராய்ந்தார்கள். 1874இல் பிரான்சின் டி லா பாஸ்டி என்பவர் சூடான கண்ணாடியை எண்ணெய்க் கொழுப்பில் முக்கி உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார்.

இரண்டாவது, லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டும் படலம். உடைந்தால் சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சு ஓவியரும் வேதியியல் அறிந்தவருமான எடுவார் பெனடிக்டஸ் 1903இல் ஒரு குடுவையைக் கைதவறிப் போட்டார். குடுவையில் விரிசல் விழுந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து படலமாகச் சுவரில் படிந்திருந்தது. 1909இல் காப்புரிமை. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்வில்லைக்கு அது பயன்பட்டது. போருக்குப் பின் கார்களுக்குப் போனது. 1927 கடைசியில் வந்த ஃபோர்டின் மாடல் ஏ காரில் முன்கண்ணாடி லேமினேட்டட்தான்.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை வரும். காரில் போகிறவர் முகத்துக்குப் பாதுகாப்புக் கண்ணாடி 1920-களிலேயே கிடைத்துவிட்டது. வீட்டுக் கதவில் மோதுகிற குழந்தைக்கு அது சட்டப்படி கிடைக்க இன்னும் ஐம்பது ஆண்டு ஆனது. காரணம் கண்ணாடிச் செய்முறையில் இல்லை. கார் விபத்து செய்தித்தாளில் வரும். கதவில் மோதியவன் தன் கவனக்குறைவால் மோதியதாகத்தான் எல்லாரும் பேசுவார்கள்.

அதற்குள் வீடுகளும் மாறிவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டிய வீடுகளில் தோட்டத்துப் பக்கம் தரையிலிருந்து மேல்வரை நழுவுகிற கண்ணாடிக் கதவு வைப்பது வழக்கமானது. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு எடுக்கும் முறையை அறிவித்தது. அலை இல்லாத, பளிங்கான கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. கண்ணாடி இருப்பதே தெரியாமல் பிள்ளைகள் அதற்குள் ஓடினார்கள்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தபோது, 1975ஆம் ஆண்டில் மட்டும் கதவு, குளியலறைத் தடுப்பு போன்ற கட்டடக் கண்ணாடிகளால் அடிபட்டு 73,000 பேர் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்திருந்தார்கள். வெளியே வைத்தியம் பார்த்தவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,90,000 என்று ஆணையம் மதிப்பிட்டது. அடிபட்டவர்களில் பாதிப்பேர் 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள். 1977 ஜூலையில் அந்த நாடு முழுவதற்குமான கட்டாய விதி நடைமுறைக்கு வந்தது.

அந்த விதியின் சோதனை முறை எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய கருவி எதுவும் கிடையாது. குத்துச்சண்டைக்காரர்கள் குத்திப் பழகுகிற தோல்பை ஒன்று. அதில் ஈயக் குண்டுகளை நிரப்பி 100 பவுண்டு, அதாவது 45 கிலோ எடைக்குக் கொண்டுவருவார்கள். கயிற்றில் தொங்கவிட்டு, இழுத்துப் பிடித்து, சட்டத்தில் மாட்டிய கண்ணாடியின் நடுவில் மோதவிடுவார்கள். சின்னக் கதவுக் கண்ணாடி என்றால் 18 அங்குல உயரத்திலிருந்து. பெரிய கதவு, நழுவு கதவு, குளியலறைக் கதவு என்றால் 48 அங்குலத்திலிருந்து. ஓடிவருகிற ஆளின் இடத்தில் அந்தப் பை நிற்கிறது.

கண்ணாடி உடையக் கூடாது என்று விதி சொல்லவில்லை. உடையலாம், ஆனால் உடைகிற விதம் சரியாக இருக்க வேண்டும். உடைந்து விழுந்தால் விரிசல் இல்லாத பத்துப் பெரிய துண்டுகளைப் பொறுக்கி எடைபோடுவார்கள். அந்த எடை, அதே கண்ணாடியின் பத்துச் சதுர அங்குலத்தின் எடைக்கு மேல் போகக் கூடாது. அதாவது துண்டுகள் அவ்வளவு பொடியாக இருக்க வேண்டும். விழாமல் சட்டத்திலேயே நின்றால், மூன்று அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழக் கூடாது. ஒரு கை, ஒரு தலை அதற்குள் போய்விடக் கூடாது என்பதே கணக்கு. இதை எழுதியவர்கள் மோதுகிற மனிதரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் டஃபன்டு தேறியது, லேமினேட்டட் தேறியது. கம்பிக் கண்ணாடி தேறவில்லை. தேற வழியும் இல்லை. அதற்காக அதைத் தடை செய்தார்களா? தீத்தடுப்புக் கதவுகளில் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். டஃபன்டு தீயில் கொட்டிவிடும், சாதாரண லேமினேட்டட்டின் படலம் உருகிவிடும். தீ தடுக்க வேறு கண்ணாடி இல்லை என்பது அன்றைய வாதம். அன்றைக்கு அது உண்மையும்கூட. ஆகவே கம்பிக் கண்ணாடிக்கென்று வேறொரு சோதனையில் தனிச் சலுகை வைத்திருந்தார்கள்: அதே பையை ஓர் அடி உயரத்திலிருந்து விட்டுத் தாங்கினால் போதும். ஓடிவருகிற பிள்ளையிடம் தீத்தடுப்புக் கதவு பக்கம் மட்டும் மெதுவாக வா என்று சொல்ல முடியுமா?

தற்காலிகம் என்று தொடங்கிய விலக்கு கிட்டத்தட்ட முப்பது ஆண்டு நீடித்தது. பின்னாளில், கம்பியில்லாமலே தீயைத் தாங்குகிற செராமிக் கண்ணாடி ஜப்பானிலிருந்து சந்தைக்கு வந்துவிட்டது. சூடேறினாலும் ஏறக்குறைய விரியாத சரக்கு அது. மேலே படலம் ஒட்டினால் மோதலையும் தாங்கும். வேறு வழியில்லை என்ற வாதம் அத்தோடு முடிந்துவிட்டது. விலக்கு மட்டும் முடியவில்லை. ஓரிகன் மாநிலத்தில், கம்பிக் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்ட ஒரு கல்லூரி மாணவரின் தந்தை இதைக் கையில் எடுத்து விதிக்குழுக்களின் கதவைத் தட்டினார். 2003ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு பள்ளிகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் மோதல் ஆபத்துள்ள இடங்களில் பழைய கம்பிக் கண்ணாடியை நிறுத்தியது. 2006 பதிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் அதை விரித்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. எந்தக் கண்ணாடி என்பதைவிட எந்த இடம் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். கதவிலும் கதவை ஒட்டி 300 மில்லிமீட்டருக்குள் இருக்கிற பலகத்திலும் தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் வரை. மற்ற சுவர்களில் 800 மில்லிமீட்டர் வரை. இந்த எல்லைக்குள் வருகிற கண்ணாடி பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். டேப்பை எடுத்து அளந்தால் முடிந்தது. வேலை செய்கிறவன் பார்வையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது.

டஃபன்டும் குறையில்லாதது அல்ல. 1958இல் மெல்பர்னில் கட்டி முடித்த ஐசிஐ ஹவுஸ் என்ற உயரக் கட்டடத்தில் வெளிப்புற டஃபன்டு பலகங்கள் யாரும் தொடாமலே உடைந்து விழுந்தன. ஆராய்ந்து பார்த்ததில், உருகும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்ஃபைடு என்ற பொடித்துகள் காரணம் என்று 1961இல் தெரியவந்தது. அந்தத் துகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊதி உள்ளேயிருந்து பிளக்கிறது. ஆகவேதான் உயரத்தில் போடுகிற டஃபன்டை முன்கூட்டியே சூடான உலையில் வைத்துப் பார்க்கிறார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடைந்துவிடும். ஹீட் சோக் என்று சொல்வோம். தலைக்கு மேலே போடுகிற கண்ணாடி லேமினேட்டட்டாகவே இருக்கட்டும் என்பது என் முடிவான கருத்து.

நம் நாட்டுக்கு வருவோம். தொண்ணூறுகளில் இந்தியாவில் ஃப்ளோட் கண்ணாடி ஆலைகள் வந்தன. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கண்ணாடி போடாத கட்டடம் ஏது? நகைக்கடை, ஜவுளிக்கடை, வங்கி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், இப்போது வீட்டு மாடிப்படிக் கைப்பிடியும் கண்ணாடி. விதியும் பின்னாலேயே வந்தது. பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2553. அதன் 1990 பதிப்பைக் கட்டடங்களுக்கென்று 2018இல் திருத்தினார்கள். மனித மோதலுக்கான வழிகாட்டு விதி ஐஎஸ் 16231இன் நான்காம் பகுதியாக 2014இல் வெளிவந்தது. 2016இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் கண்ணாடிக்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. கதவு, கதவோரப் பலகம், தரையைத் தொடுகிற கண்ணாடி, குளியலறை, கைப்பிடி, சாய்கூரை எல்லாம் அதில் வருகின்றன. பாதுகாப்புக் கண்ணாடி ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் ஆணை போட்டது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், ஆணை வந்ததே பெரிய விஷயம்.

ஆனால் விதித்தொகுப்பு தானாகச் சட்டமாகாது. மாநிலமும் உள்ளாட்சியும் தங்கள் விதியில் சேர்த்து, வந்து பார்த்து, கேட்டால்தான் உயிர் வரும். கதவின் கண்ணாடியை வந்து பார்க்கிற அதிகாரியை நான் சைட்டில் அரிதாகத்தான் சந்தித்திருக்கிறேன். சைட்டில் நடப்பது இதுதான். டஃபன்டை வெட்டவோ துளை போடவோ முடியாது. முதலில் அளவெடுத்து, வெட்டி, துளையிட்டு, விளிம்பு தேய்த்து, பிறகுதான் உலைக்கு அனுப்ப வேண்டும். நாளாகும். திறப்பு விழா நெருங்கிவிட்டால், “இப்போதைக்குச் சாதாக் கண்ணாடியே போட்டுடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். மாற்ற மாட்டார்கள். விழா முடிந்து, பூ காய்ந்து, அந்தக் கண்ணாடி வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் கதவு மாட்டிக் கொடுத்ததில்லை. அதனால் போன வேலைகள் உண்டு.

உங்கள் இடத்தில் இருப்பது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டஃபன்டு என்றால் ஒரு மூலையில் அழியாத சின்ன முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால், சாயங்கால வெளிச்சத்தில் போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுச் சாய்வாகப் பாருங்கள். டஃபன்டில் வரிவரியாகவோ புள்ளிபுள்ளியாகவோ நிழல் தெரியும். குளிர்காற்று அடித்த தடம் அது. லேமினேட்டட் என்றால் விளிம்பில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலத்தின் கோடு தெரியும். இரண்டும் தெரியவில்லையென்றால் அது சாதாக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி சதுரம் சதுரமாகத் தெரிந்தால், அதைத் தைரியத்துக்கு உரிய அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூடத் தாளாளர்களுக்கும் பெற்றோர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தள்ளித் திறக்கிற ஒவ்வொரு கதவையும் ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். கம்பிக் கண்ணாடியோ சாதாக் கண்ணாடியோ இருந்தால் இன்றைக்கே இரண்டு பக்கமும் சேஃப்டி ஃபிலிம் ஒட்டுங்கள், அது தற்காலிகம்தான். தீத்தடுப்புக் கதவாக இருந்தால் தீயையும் மோதலையும் சேர்த்துத் தாங்குகிற கண்ணாடி இப்போது கிடைக்கிறது, சான்றிதழோடு கேட்டு வாங்குங்கள். மற்ற கதவுகளுக்கு ஐஎஸ் 2553 முத்திரையுள்ள டஃபன்டு போதும். வருகிற மே விடுமுறைக்குள் மாற்றிவிடுங்கள்.